கார்ட்டூன் பார்த்த வேட்டைக்காரர்கள்

பெரியப்பாவின் செல்போனில் அந்தச் சிவப்புப் புள்ளி அசையவே இல்லை.

ஸ்வேயா அதையே எட்டி எட்டிப் பார்த்தாள். அந்தப் புள்ளிதான் ரூஸ்க், அவளுடைய வேட்டைநாய். காட்டுமானைத் துரத்திக்கொண்டு குன்றுக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. அது எங்கே இருக்கிறது என்பதைக் கழுத்துப்பட்டையில் உள்ள கருவி, மொபைல் டவர் வழியாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். இப்போது சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் இருட்டிவிடும். அந்தப் பக்கம் ஓநாய்கள் உண்டு.

"நாய் நிக்கல. சிக்னல்தான் நின்னுபோச்சு," என்றார் ஓர்யான் பெரியப்பா. "குன்று மேல இருக்கற டவரைத் தூங்க வெச்சது யாரு? உங்கம்மாதானே!"

உண்மைதான். அம்மா மொபைல் கம்பெனியில் என்ஜினியர். வேலையில்லாத டவர் எதற்கு வீணாக மின்சாரம் குடிக்க வேண்டும்? அதனால் அவை தாமாகவே தூங்கும்படி செய்திருந்தாள்.

ஸ்வேயா அம்மாவுக்குப் போன் போட்டாள். "அம்மா! குன்று டவரை எழுப்பு, சீக்கிரம்!"

"பஸ்ல இருக்கேன் கண்ணு, ஆபீஸுக்குத் திரும்பிப் போனாத்தான் முடியும். அந்தப் பக்கம்தான் யாருமே இல்லையே?"

"ரூஸ்க் இருக்கே!"

"அடடா! மனுஷங்களை மட்டும்தான் நெனச்சேன். பட்டையிலேர்ந்து வர்ற துளி சிக்னலைத் தூங்கற டவர் கண்டுக்காதே."

"தானா எப்பம்மா எழும்பும்?"

"ஏரிக்கரை டவருக்கு வேலை தாங்காமப் போனா, உதவிக்கு எழும்பும்."

ஸ்வேயா திரும்பிப் பார்த்தாள். ஏரிக்கரையில் மூட்டிய நெருப்பைச் சுற்றி வேட்டைக்காரர்கள் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோர் போனும் ஏரிக்கரை டவரில்தான்.

"எல்லாரும் வீடியோ போடுங்க! இருக்கறதுலயே தெளிவா இருக்கறதா போடுங்க!"

"எனக்கு வீட்டுக்காரியோட திட்டு வாங்க மட்டும்தான் போன்," என்றார் தாடிக்கார ஸ்டூரே.

ஸ்வேயா அவர் போனைப் பிடுங்கிக் கார்ட்டூன் போட்டுக் கொடுத்தாள். மடியில் துப்பாக்கி, கையில் கார்ட்டூன் என்று அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

புள்ளி அசையவில்லை.

"இன்னும் போடுங்க!"

சட்டென்று புள்ளி தாவியது.

"ஓடைப் பக்கம்!" பெரியப்பா ஜீப்பை நோக்கி ஓடினார்.

"கொஞ்சம் பொறுங்கப்பா, இந்த முயல் தப்பிச்சுடட்டும்," என்றார் ஸ்டூரே.

ஓடைக்கரையில் ரூஸ்க் நின்றுகொண்டிருந்தது. மானைக் காணோம். ஆனாலும் தொண்டை கட்டும்வரை குரைத்துக்கொண்டிருந்தது. ஸ்வேயா அதைக் கட்டிக்கொண்டாள்.

அம்மா வீட்டுக்கு வந்ததுமே பெரியப்பா பிடித்துக்கொண்டார். "மொதல்ல அந்தத் தூக்கத்தை நிறுத்து!"

அம்மாவின் முகம் வாடியது.

"எதுக்கு நிறுத்தணும்?" என்றாள் ஸ்வேயா. "வேட்டை நாள்ல மட்டும் முழிச்சிருக்கட்டும். மத்த நாள் தூங்கிட்டுப் போகுது."

பெரியப்பா தாடையைச் சொறிந்தார். "அது சரிதான்."

அம்மா கம்ப்யூட்டரைத் திறந்தாள். "வேட்டை நாள்ல எப்ப தூங்க விடலாம், மேடம்?"

"கடைசி நாய் வண்டியில ஏறினப்புறம்."