கெட்டித் தேத்தண்ணி

"அந்த ஃபிளாஸ்க் யாருக்குக்கா?"

வெரோனிகாவின் குரலில் காலை ஆறு மணிக்கே சூடு ஏறிவிட்டது. எஸ்டேட் லயத்து வீட்டின் குட்டிச் சமையலறையில் இரண்டு அடுப்பு, இரண்டு பெண்கள். ஒன்றில் அவள் பூசணிக்காயை வேகவைத்துக் கூழாக மசித்துக்கொண்டிருந்தாள். மற்றதில் அவள் கணவனின் அக்கா பார்பரா, இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணி கொதிக்க வைத்திருந்தாள்.

"எனக்குத்தான்டி! ஈப்போ வரைக்கும் வேன்ல குலுங்கிக்கிட்டு வரேன்ல? ஒரு மொடக்கு தேத்தண்ணிக்கும் உங்கிட்ட பெர்மிட் வாங்கணுமா?"

"அவருக்குக் குடுத்துறாதீங்க. வேணாம்னு சொல்லியிருக்கேன்."

"சொன்னே, சொன்னே… பெரிய டாக்டரம்மா!"

அவள் கணவன் பிரெட்ரிக் தேயிலை பேக்டரியில் வேலை செய்பவன். சாதாரண ஃப்ளூ என்று படுத்தவனுக்கு அது நிமோனியாவாகி, ஈப்போ ஆஸ்பத்திரியில் இருபத்து நான்கு நாள் தொண்டைக்குள் குழாயோடு மூச்சு மிஷினில் கிடந்தான். உயிர் திரும்பியது; விழுங்கத்தான் வரவில்லை. மூக்கில் போட்ட குழாய் வழியாகத்தான் பால் போயிற்று. போன வாரம்தான் விழுங்கப் பழக்கும் ரூபினி மிஸ் சோதித்துப் பார்த்துக் கெட்டியான கூழுக்கு அனுமதி கொடுத்தாள். வெள்ளிக்கிழமை மறு சோதனை. தேறினால் வீட்டுக்கு வரலாம். தேறாவிட்டால் வயிற்றில் துளை போட்டுக் குழாய்… எத்தனை மாதமோ, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்!

"யாரு ஊட்டப் போறது?" என்று ரூபினி அன்று கேட்டபோது இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் முன்னால் வந்தார்கள். ரூபினி மனைவியைத்தான் பார்த்தாள்; ஒரு சின்னக் கரண்டியை அவள் கையில் கொடுத்து ஊட்டும் விதத்தைச் சொல்லிக் கொடுத்தாள். வெரோனிகாவுக்கு மனசு குளிர்ந்துபோனது.

பொறாமைதான், மூடி மறைப்பானேன்! தாயில்லாத தம்பியை அவனுடைய ஒன்பது வயதிலிருந்து கொழுந்து பறித்து வளர்த்தவள் பார்பரா. அவனுக்காகக் கல்யாணமே கட்டவில்லை. ஊரே அவளைப் புனிதை என்றது. சரி, புனிதையோடு ஒரே வீட்டில் இருபத்தொரு வருஷம் குடும்பம் நடத்திப் பார்க்கட்டுமே! அவன் சோற்றில் உப்பு பார்ப்பதும் அக்கா, சட்டைக்கு நிறம் சொல்வதும் அக்கா. வெரோனிகாவின் கைக்கென்று வந்த முதல் சாமான் அந்தச் சின்னக் கரண்டிதான். அன்று திரும்பும் வழியில், "மிஸ்ஸு என்னடி சொல்லிக் குடுத்தா?" என்று பார்பரா ஆசையாகத்தான் கேட்டாள்.

"அதெல்லாம் உங்களுக்கு வெளங்காதுக்கா" என்று சொல்லிவிட்டு இவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆனால் வார்டில் என்ன நடந்தது? பூசணிக் கூழைக் கண்டாலே பிரெட்ரிக் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அக்கா வந்து உட்கார்ந்தால் மட்டும் அந்த ஒட்டிய கன்னத்தில் சிரிப்பு! கிண்ணம் கழுவப் போய் வந்தால் இரண்டு பேரும் குசுகுசு… மூன்று நாளாக இவளுக்கு வயிறு எரிந்தது. என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்றே நம்பினாள்.

கம்போங் ராஜாவில் வேன் ஏறி ஈப்போ போய்ச் சேர்ந்தபோது, மகள் செரீனா வார்டு வாசலிலேயே அழுதுகொண்டு நின்றாள். ஈப்போவில் படிக்கிற பெண்; விடியற்காலையிலேயே அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"அப்பாவுக்கு மறுபடி காய்ச்சல்மா… மூச்சு எளைக்குது. மூக்குல திரும்பவும் டியூப் போட்டுட்டாங்க. சாப்பாடு நெஞ்சுக்குள்ள போயிருச்சாம்!"

பார்பரா நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"இவதான்! இவதான் என் தம்பிய அடைச்சுக் கொல்லப் பாத்தா! சிமெண்டு மாதிரி கொழச்சுக் கொழச்சு ஊட்டுனாளே… காய்ச்சக்காரனுக்கு யாராச்சும் கெட்டியா குடுப்பாங்களா? ஒரு சொட்டு தண்ணி காட்டலியே பாவி!"

"அம்மா… நீங்கதானேம்மா மிஸ்ஸுகிட்ட படிச்சுக்கிட்டு வந்தீங்க?" என்றாள் செரீனா.

பெற்ற மகளே இப்படிக் கேட்டால் எங்கே போய் முட்டிக்கொள்வது? என் கைதான் தவறிவிட்டதோ? அந்தப் பயம் வெரோனிகாவை அப்படியே சுவரோடு சாய்த்தது.

கூச்சல் கேட்டு ரூபினி வந்தாள்.

"கெட்டியா குடுத்ததால இல்ல ஆன்ட்டி. தண்ணியாத்தான் ஏதோ உள்ள போயிருக்கு. யாராச்சும் குடிக்கக் குடுத்தீங்களா?"

எல்லோருடைய கண்ணும் பார்பராவின் கையிலிருந்த ஃபிளாஸ்க்கில் போய் நின்றது.

"தேத்தண்ணிதான் மிஸ்…" பார்பராவின் குரல் உள்ளே போயிற்று. "நாக்கு காயுதுக்கான்னு கெஞ்சுனான். மூணு நாளா… கொஞ்சங் கொஞ்சமா. சீக்காளிக்குத் தண்ணியாத்தானே குடுப்போம்? கஞ்சியக்கூட வடிச்சுத்தானே குடுப்போம்? அவன் ஒரு தடவகூட இருமலயே!"

"அதுதான் ஆபத்து. அத்தன நாளு குழாய் இருந்து தொண்ட மரத்துப்போச்சு. தண்ணி வேகமா ஓடி நுரையீரலுக்குப் போனாலும் அவருக்குத் தெரியாது, இருமலும் வராது. கெட்டியா இருந்தா மெதுவாப் போகும், சரியான வழியில போகும்."

ஃபிளாஸ்க் கீழே விழுந்து உருண்டது. "என் கையாலயா… ஐயோ மாதாவே, என் கையாலயா!" பார்பரா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வெரோனிகா ஜெயித்துவிட்டாள். இருபத்தொரு வருஷத்தில் முதல் தடவை அந்த அக்கா தரையில், இவள் நின்றபடி! ஒரு நிமிஷம் இனிக்கத்தான் செய்தது, பொய் சொல்வானேன்.

"அம்மா என்னை மன்னிச்சிருங்கம்மா" என்று செரீனா கையைப் பிடித்தாள். "ஆனா அத்தைக்கு ஏன்மா இதெல்லாம் தெரியல? நீங்க சொல்லலியா?"

சொன்னேன் என்று ஒரு வார்த்தை போதும். யார் கேட்கப் போகிறார்கள்?

"கேட்டாங்க" என்றாள் வெரோனிகா. "வேணாம்னு மட்டும் சொன்னேன். ஏன்னு சொல்லல. அது… அது எனக்கு மட்டும் தெரிஞ்சதா இருக்கட்டும்னு நெனச்சேன்." அவளும் கீழே உட்கார்ந்தாள். "அக்கா… தேத்தண்ணி நீங்க குடுத்தீங்க. குடுக்க விட்டது நான்தான்!"

பார்பரா அவளையே பார்த்தாள். பிறகு அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். வார்டு நர்ஸ் மிஸி வந்து அதட்டும் வரை இருவரும் எழவில்லை.

வெள்ளிக்கிழமை சோதனை நடக்கவில்லை. பதினாறு நாள் இரண்டு பேரும் மாறி மாறி ஜெபமாலை உருட்டினார்கள். காய்ச்சல் இறங்கியது. ரூபினி மறுபடி சோதித்தாள். கரண்டிக்கு அனுமதி கிடைத்தது.

அன்று பார்பராவின் இஞ்சித் தேத்தண்ணியில் ரூபினி ஏதோ மாவைத் தூவிக் கலக்கினாள். அது இறுகிக் கூழாகிவிட்டது.

"ஐயே! இதுவாடி தேத்தண்ணி? பாகு மாதிரில்ல நிக்குது!" என்றாள் பார்பரா. கரண்டியை எடுத்த வெரோனிகா, அதை அவள் கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"எனக்கா?"

"பிடிங்க லா! அவர் நாடிய நெஞ்சுப் பக்கமாக் கீழ எறக்கச் சொல்லுங்க. அரைக் கரண்டி போதும். ஒரு தடவ முழுங்குனதும் அடுத்தது குடுத்துராதீங்க, ரெண்டாந் தடவையும் முழுங்கணும். அப்புறம் பேசச் சொல்லுங்க. குரல் கரகரக்காம வந்தா சரியாப் போயிருச்சுன்னு அர்த்தம்."

பார்பரா அரைக் கரண்டி எடுத்து ஊட்டினாள். பிரெட்ரிக்கின் குரல்வளை ஒரு தடவை ஏறி இறங்கியது. பெண்கள் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு தடவையும் ஏறி இறங்கியது.

"பேசு தம்பி… ஏதாச்சும் பேசு!"

"அக்கா" என்றான். குரல் தெளிவாக இருந்தது.

வெரோனிகாவுக்கு அந்த நேரத்திலும் நெஞ்சில் சுருக்கென்றது. பாழாய்ப்போன மனசு, ஒரே நாளில் திருந்திவிடுமா என்ன! முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"வெரோ… எங்க போற?" அவன் மெலிந்த கையை நீட்டினான். "பூசணிக்கா கொண்டு வரலியா?"

"முகத்தத் திருப்புவீங்களே!"

"பசிக்குது. நீ ஊட்டு."

பார்பரா கரண்டியைக் கழுவித் துடைத்து அவளிடம் நீட்டினாள். வெரோனிகாவுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. கிண்ணத்தின் மூடியைத் திறக்கவே முடியவில்லை. பார்பராதான் அதை வாங்கித் திறந்து, அவள் ஊட்டி முடிக்கும் வரை கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.