ஏழாம் தொட்டியில் சாவில்லை

ஏழாம் தொட்டியில் அன்று காலையும் ஒரு மீன்கூடச் செத்திருக்கவில்லை.

அவள் கைவலையை அடிவரை இறக்கிச் சுவரை ஒட்டி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மேலே தூக்கினாள். நீர் மட்டும் சொட்டியது. ஆறாம் தொட்டியில் செத்தவையும் எட்டாம் தொட்டியில் செத்தவையும் வாளிகளில் நிறைந்து கிடந்தன. பண்ணையை ஒன்பது நாள்களாக அழித்துக்கொண்டிருந்த செவுள்நோய் ஏழாம் தொட்டியை மட்டும் தொடாமல் விட்டிருந்தால் அவள் நிம்மதி அடைந்திருப்பாள். ஆனால், அது தொட்டிருந்தது. கைவிளக்கின் ஒளி பட்ட மீனுக்கெல்லாம் விலாவில் ஒரு புண். அதன் விளிம்பு நீரில் ஊறிய தாளைப்போல வெளுத்திருந்தது. ஆறவும் இல்லை, அழுகவும் இல்லை.

வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மீன்குஞ்சுக் கூடத்துக்குச் சன்னல் கிடையாது. நோயுற்ற மீன்கள் மிரளக்கூடாதென விளக்குகளையும் அணைத்துவைத்திருந்ததால், காலை எட்டு மணியிலும் உள்ளே இருள்தான். அந்த இருளில் காற்றுக்குழாய்களின் ஓயாத குமிழோசையும், சுவருக்கு அப்பால் முனகும் நீரேற்றியின் அதிர்வும், ஈரச் சிமென்டும் மருந்தும் மீன்சளியும் கலந்த வாடையும் அவளுக்குப் பழகிப்போனவை. பழகாதது மனிதக் குரலின் இன்மை. நோய் பரவாதிருக்க மற்றப் பணியாளர் அனைவரையும் ஒரே குறுஞ்செய்தியில் வீட்டுக்கு அனுப்பிய நிருவாகம், வளாகத்து அறையில் குடியிருந்த குற்றத்துக்காக அவளை மட்டும் உள்ளே நிறுத்திக்கொண்டது. நன்றி என்னும் சொல்லை அச்செய்தியில் அவள் இருமுறை தேடினாள். இல்லை.

ஏழாம் தொட்டி மீன்கள் அவளுடைய கைவேலை. மற்ற மீன்களுக்குத் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாகக் குரோமோசோம் தொகுதிகள் இரண்டு. கருவுற்ற முட்டைகளை உரிய நிமிடத்தில் அழுத்தக் கலத்தில் அடைத்து, வெளியேறவேண்டிய இன்னொரு தொகுதியையும் உள்ளேயே நிறுத்தி, இவற்றை மூன்று தொகுதியினவாக ஆக்கியவள் அவள்தான். இவை முட்டையிடா, தின்பது தசைக்கே போகும். அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

மீன் மருத்துவரைக் கைப்பேசியில் அழைத்தாள்.

"ஏழுல இன்னிக்கும் ஒண்ணும் சாகல, டாக்டர்."

"சந்தோஷப்படுங்கம்மா. நியாயமா அதுங்கதான் முதல்ல போயிருக்கணும். மூணு தொகுதி இருக்கிறதால நோயை எதிர்க்கிற செல் ஒவ்வொண்ணும் பெருசு, ஆனா எண்ணிக்கை கம்மி. தொப்பை வெச்ச போலீஸ்காரங்க நாலு பேரு ஒரு ஊரையே காவல் காக்கிற மாதிரி. அமைதியா இருக்கிறப்ப வித்தியாசம் தெரியாது. தண்ணி சூடாகி, நோயும் வந்துட்டா திணறிடுவாங்க."

"திணறல. எதிர்க்கிற மாதிரியே தெரியல. வந்ததை உள்ள கூப்பிட்டு உக்கார வெச்ச மாதிரி இருக்கு."

அவர் சிரித்தார். "ஒன்பது நாள் தனியா இருந்தா அப்படித்தான் தோணும். பேச்சுத்துணைக்கு யாராச்சும் இருக்காங்களா?"

"அக்கா வர்றா, மத்தியானம். பாப்பாவைத் தூக்கிட்டு."

"அப்புறம் என்ன? மீனுக்கு வர்றது மனுஷங்களுக்கு வராது. வாசல்ல நின்னு கொஞ்சிட்டு அனுப்புங்க."

கட்டைவிரலைப் பற்றி அவரிடம் அவள் சொல்லவில்லை.

ஒன்பது நாள்களுக்கு முன் ஏழாம் தொட்டி மீன் ஒன்றை அறுத்துப் பார்த்தபோது கத்தி வழுக்கியது. கையுறையையும் தாண்டி இடக் கட்டைவிரலில் இறங்கியது. வலிக்கவில்லை. வீங்கவில்லை. சீழ் கட்டவில்லை. ஒவ்வொரு நாளும் துணிக்கட்டைப் பிரிக்கும்போது வெட்டின் விளிம்பு சற்றே கூடுதலாக வெளுத்திருந்தது. சொன்னால் அக்காவை அவர் வரவிடமாட்டார். எட்டு மாதமான அந்தக் குழந்தையை அவள் இதுவரை கைப்பேசித் திரையில்தான் கண்டிருக்கிறாள். பாலும் பவுடரும் கலந்த அந்த வாசனை எப்படி இருக்குமென ஒவ்வோர் இரவும் கற்பனை செய்துகொண்டே தூங்கியிருக்கிறாள்.

வாளிகளை அகற்றி முடிக்க நண்பகல் ஆயிற்று. திரும்பியவள், ஏழாம் தொட்டியின் அருகே நின்றாள்.

மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்துத் தலைவைத்து நிற்பது வழக்கம். அவை இப்போது அப்படி நிற்கவில்லை. நூற்றுக்கணக்கான தலைகள் தொட்டியின் இந்தப் பக்கத்தை நோக்கியிருந்தன, அவளை நோக்கியிருந்தன. அவள் இடப்புறம் நான்கு எட்டு நகர்ந்தாள். தலைகளும் நகர்ந்தன. தீனிக்கு ஏங்குகின்றன போலும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வலக்கையை நீர்மேல் நீட்டினாள். ஒன்றும் அசையவில்லை.

இடக்கையை நீட்டினாள்.

நீர்ப்பரப்பு முழுவதும் வாய்கள். ஓசையில்லை; துள்ளல் இல்லை. எல்லா வாய்களும் ஒன்றாகத் திறந்தன. ஒன்றாக மூடின. எல்லா விலாப்புண்களும் அவ்வாறே.

கட்டைவிரலின் கட்டுத்துணி தானாக அசைந்தது.

அவள் துணியைப் பிரித்தாள். கைவிளக்கைக் கிட்டே கொண்டுபோனாள். வெட்டின் வெளுத்த விளிம்பு, செவுள்மூடியைப்போல மெல்லத் திறந்தது.

மூடியது.

ஆய்வக அறைக்கு அவள் ஓடவில்லை. ஓடினால் அது உண்மையாகிவிடும். நடந்தாள். வாரந்தோறும் செய்யும் வேலைதான்: ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித்தகட்டில் இழுத்துப் பரப்பி, சாயமிட்டு, நுண்ணோக்கியில் செவ்வணுக்களை அளப்பது. மீனின் செவ்வணு நீள்வட்டமானது. அதன் நடுவே கரிய கரு இருக்கும். மூன்று தொகுதி மீனுக்கு அந்தக் கரு இன்னும் நீளம். மனிதனின் செவ்வணுவில் கருவே இராது. இதைப் பள்ளிப்பிள்ளையும் அறியும்.

வலக்கைச் சுட்டுவிரலில் குத்தித் தகட்டில் தடவி, மூலையில் பென்சிலால் 'நான்' என்று எழுதினாள்.

குனிந்து பார்த்தாள்.

நீள்வட்டங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் கரு.

தகடு மாறிவிட்டது. மாறித்தான் இருக்கவேண்டும். இன்னொன்றைப் புதிதாகப் பிரித்தாள். இம்முறை காதுமடலில் குத்தினாள். எழுதினாள். சாயமிட்டாள். மேசைமேல் வேறு தகடே இல்லை என்பதை இருமுறை உறுதிசெய்தாள்.

நீள்வட்டங்கள். கரு. அளந்தாள்.

ஏழாம் தொட்டியின் அளவு.

அப்போது வெளிக்கதவு தட்டப்பட்டது.

"அடியே குட்டி, உயிரோட இருக்கியா? வெயில்ல நிக்கிறோம்."

அக்கா. பேசாமல் இருந்துவிடலாம். கைப்பேசியில், வராதே என ஒரு சொல் அனுப்பலாம். கதவுக்கு இப்பால் இருந்தபடியே கத்தலாம். அக்கா திட்டிவிட்டுத் திரும்பிப் போவாள். குழந்தையும் போகும். கூடத்தில் குமிழோசை மட்டும் எஞ்சும்.

கதவுக்கு வெளியே குழந்தை, யாரையோ கூப்பிடுவதுபோல ஓர் ஒலி எழுப்பிற்று.

புதிய துணியை இறுகக் கட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள். வெயில் கண்ணைக் குத்தியது.

"என்னடி இது, ஊறப்போட்ட துணி மாதிரி வெளுத்துப்போயிருக்க? சாப்பிடறியா இல்லையா?" அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "மூணு மணி நேரமா கார்ல ஒரே கத்தல், உன் மகாராணி. பல்லு முளைக்குது. அவங்கப்பன் காதைக்கூடக் கடிச்சுட்டா. இந்தா, உன் சித்தியைப் பிடிச்சுத் தின்னு."

குழந்தை இரு கைகளையும் நீட்டியது.

"கையில என்ன கட்டு?" என்றாள் அக்கா, கொடுக்கவந்த குழந்தையைச் சற்றே பின்னிழுத்து.

அவளுக்குப் பின்னால் இருளில் நீர் சலசலத்தது.

"சின்னக் கீறல். ஆறிடுச்சு."

குழந்தை அவள் தோளில் வந்து சாய்ந்தது. பால், பவுடர், வெயில். அவள் நினைத்திருந்ததைவிடக் கனமாகவும் சூடாகவும் இருந்தது. கண்களை மூடிக்கொண்டாள். அக்கா காரிலிருந்த பையை எடுக்கத் திரும்பினாள். ஏதோ பேசிக்கொண்டே போனாள்.

சின்ன விரல்கள் துணியின் முனையைக் கண்டுபிடித்தன. இழுத்தன. துணி நழுவித் தரையில் விழுந்தது.

விலக்கியிருக்கலாம்.

ஒன்பது நாள்களாக மரத்துக்கிடந்த கட்டைவிரலில் முதன்முறையாக ஓர் உணர்வு. ஈறுகளின் வெம்மை. புதுப்பல்லின் கூர்மை. குழந்தை பல்வலியை மறந்து, இமைகளைத் தாழ்த்தி, விரலை முழுவதுமாக வாய்க்குள் வாங்கிக்கொண்டது.

உள்ளே வெட்டு திறந்தது. மூடியது.

அதே தாளத்தில் குழந்தை சப்பியது.