கிண்ணம் ஆறட்டும்

அளவு ஜாடியில் நீர்மட்டம் பார்ப்பது லேசான காரியமல்ல. மேலிருந்து பார்த்தால் ஓர் எண் தெரியும், கீழிருந்து பார்த்தால் இன்னோர் எண். கண் சரியாக அந்த மட்டத்துக்கு இறங்கி வர வேண்டும். அதனால் அவள் முழங்காலை மடக்கி, மேசை விளிம்பில் முகவாயை வைத்து, நீரின் வளைவு எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீருக்கு அந்தப் பக்கம் இரண்டு கண்கள் முளைத்தன...

கரிய கண்கள். வெளியே பெய்த மழையில் ஒரு துளி இமையில் மிச்சமிருந்தது. ஜாடி நீர் அவற்றை இன்னும் அகலமாக்கிக் காட்டியது.

"நாப்பத்தி ரெண்டா... நாப்பத்தி ரெண்டரையா?" என்று அந்தக் கண்களின் சொந்தக்காரன் கேட்டான்.

"வெளிச்சத்தை மறைக்காதீங்க. யார் நீங்க?"

"தராசு பார்க்க வந்தவன். நீங்கதானே ஃபோன் பண்ணித் தராசுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்குன்னு சொன்னது?"

"பைத்தியம்னு சொல்லல. எண் நிலையா நிக்கலைன்னு சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே, மேடம்!"

சிரிப்பு உதடு வரை வந்துவிட்டது. கல்லூரி வேதியியல் ஆய்வகத்தின் பொறுப்பாளர் வந்தவனிடம் பல்லைக் காட்டலாமா? விழுங்கிக்கொண்டாள். முதலாண்டுப் பிள்ளைகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'துல்லியம்'. முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். அவளுக்குத் தெரியும், உள்ளூரப் பெருமையும் உண்டு.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த அந்தத் தராசு ஒரு மயிரிழையின் எடையைக்கூடச் சொல்லிவிடும். அவன் தன் பெட்டியிலிருந்து படிக்கற்களைக் குறட்டால் எடுத்து ஒவ்வொன்றாக வைத்தான். எல்லாம் அச்சுப் பிசகாமல் சரியாக வந்தன.

"தராசு தங்கமா இருக்கே, மேடம்."

"அப்படியா? இதைப் பாருங்க."

ஓவனில் உலர்த்தி, பத்து நிமிடம் மேசையில் வைத்திருந்த பீங்கான் கிண்ணத்தை இடுக்கியால் தூக்கித் தட்டில் வைத்தாள். கடைசி எண்கள் நிற்கவில்லை. ஏறின... ஏறின... ஏறிக்கொண்டே போயின.

அவன் புருவத்தைச் சுருக்கினான். கிண்ணத்தை நோக்கி மெல்ல விரலை நீட்டினான்.

"கையால தொடாதீங்க!"

அவள் கத்திய கத்தலில் மூலையில் நின்ற மாணவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள்.

"விரல் ரேகை பட்டாலே எடை கூடும். தராசுக்காரருக்கு இதுகூடத் தெரியாதா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவன் முகம் சுண்டிப்போனது. "தெரியும், மேடம். நான் என்ன பார்க்க வந்தேன்னா..."

"என்னம்மா, சரியாயிடுச்சா?" என்றபடி துறைத்தலைவர் உள்ளே வந்தார். "உன்னை நிரந்தரம் பண்ற ஆர்டர் இந்த மாசம்தான் கையெழுத்தாகப் போகுது. பசங்க எடுத்த எடையெல்லாம் கன்னாபின்னான்னு இருந்தா, மேல நான் என்ன பதில் சொல்றது?"

"தராசுலதான் கோளாறு, சார்."

தராசுக்காரன் ஓவனைப் பார்த்தான். கிண்ணத்தைப் பார்த்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிவிட்டான்.

விட்டாளா அவள்? அன்று மாலையே அவனுடைய நிறுவனத்துக்குப் புகார்க் கடிதம் எழுதினாள். 'வந்தவருக்கு வேலை தெரியவில்லை.' துறைத்தலைவர் கையெழுத்துப் போட்டார், கடிதம் போயிற்று.

வீட்டில் அண்ணியிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"சரியான திமிரு அண்ணி அந்தாளுக்கு. பெரிய பெரிய கண்ணை வச்சுக்கிட்டு..."

"இதோட மூணு தடவை கண்ணைப் பத்திச் சொல்லிட்ட," என்றாள் அண்ணி, துணி மடித்தபடியே. "தராசைப் பத்தி ஒரே ஒரு தடவைதான் சொன்ன."

"போங்க அண்ணி!"

நான்காம் நாள் காலை. வானம் இருண்டு மழை கொட்டியது. முந்தின மாலை ஓவனில் வைத்த கிண்ணங்களில் ஒன்றை இடுக்கியால் எடுத்தாள். நேரமாகிவிட்டது என்று காத்திருக்காமல் நேராகத் தராசில் வைத்தாள்.

எண் நின்றது. ஆடாமல் அசையாமல் நின்றது.

இன்னொரு கிண்ணம் வைத்தாள். அதுவும் நின்றது. 'யாரும் தொடாமலே சரியாகிவிட்டதா?' என்று திரும்பியவள் கண்ணில் ஓவன் பட்டது. அதன் சிவப்பு விளக்கு எரியவில்லை. ஃபியூஸ் போயிருந்தது.

ஆறு வருஷத்தில் முதன்முறையாக அவள் ஒரு கிண்ணத்தை விரலால் தொட்டாள்... சில்லென்றிருந்தது.

ஒரு கிண்ணத்தை ஸ்பிரிட் விளக்கில் சூடாக்கினாள். வழக்கம்போல் மேசையில் பத்து நிமிடம் வைத்தாள். தராசில் ஏற்றினாள். எண்கள் ஏறின. தட்டிலிருந்த கிண்ணத்தின் மேல் விரலை வைத்தாள். இன்னும் இளஞ்சூடு இருந்தது.

சூடான பொருள் பக்கத்துக் காற்றைச் சூடாக்கும். அந்தக் காற்று மேலே எழும்போது தட்டையும் கொஞ்சம் தூக்கும், எடை குறைவாகத் தெரியும். ஆற ஆற எடை ஏறும். இதை வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்டவளே அவள்தான்! கிண்ணங்களை ஆறவைக்கும் மூடி ஜாடி போன மாதம் உடைந்தது. பத்து நிமிடம் மேசையில் வைத்தால் போதும் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். கையால் தொடவே கூடாது என்ற கண்டிப்பில், ஆறியதா என்று தொட்டுப் பார்க்கவும் இல்லை. தொட்டுப் பார்க்க வந்தவனையும் விரட்டியாயிற்று.

நிறுவனத்துக்கு ஃபோன் செய்தாள்.

"அந்த ஆளை இனிமே வெளி வேலைக்கு அனுப்ப மாட்டோம், மேடம்," என்றது மறுமுனை. "குடோன்ல போட்டாச்சு. உங்களுக்கு வேற ஆள் வருவார், கவலைப்படாதீங்க."

கவலைப்படாதீங்களாம்... ஃபோனை வைத்தவள் ஜன்னலைப் பார்த்தபடி நின்றாள். இந்த விஷயம் அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் நிரந்தர வேலை. திறந்தால்? கண்ணாடியில் மழைத்துளிகள் வழிந்தன. ஒவ்வொரு துளியிலும் அவமானப்பட்டுப்போன அந்த முகம் தெரிவதுபோல் இருந்தது.

துறைத்தலைவர் அறைக்குள் போய், உட்காராமலே சொல்லிவிட்டாள். "தப்பு என்னோடது, சார். தராசு நல்லாத்தான் இருக்கு. கிண்ணத்தைச் சூடு ஆறாம எடை போட்டிருக்கேன், ஒரு மாசமா. இன்னைக்கு ஓவன் ஃபியூஸ் போனதுலதான் தெரிஞ்சுது."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உன் ஆர்டர் இன்னைக்குத்தான் என் மேஜைக்கு வந்திருக்கு. தெரியுமா?"

"தெரியாது, சார். தெரிஞ்சாலும் சொல்லியிருப்பேன்... கொஞ்சம் அழுதுட்டு."

அவர் பேனாவை எடுத்தார். "பசங்க எடுத்த எடையெல்லாம்?"

"எல்லாத்தையும் திரும்ப எடுக்க வைக்கிறேன். அந்தப் புகாரை வாபஸ் வாங்கணும், சார். ஒருத்தர் பிழைப்பு போகுது."

"எழுதிக் கொண்டா, கையெழுத்துப் போடறேன். ஆர்டர்லயும் போடறேன்," என்றார். "தான் எழுதின எண்ணைத் தானே அடிச்சுத் திருத்தத் தெரிஞ்ச ஆளை வெளியே விட்டுட்டு நான் எங்கே போய்த் தேடறது? அப்படியே அந்த ஓவனுக்கு ஃபியூஸ் போடச் சொல்லு."

வெளியே வந்தாள். சுவரில் சாய்ந்து நின்று மூச்சு விட்டாள்... ஒரு மாதத்து மூச்சு!

மத்தியானமே குடைபிடித்துக்கொண்டு அந்தக் குடோனுக்குப் போனாள். பழைய தராசுகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தவன் அவளைக் கண்டதும் இரண்டு கைகளையும் உயர்த்தினான்.

"நான் எதையும் தொடல, மேடம்!"

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கடிதத்தை நீட்டினாள். "வாபஸ் வாங்கிட்டேன். கிண்ணம் சூடா இருந்துச்சு. உங்களுக்கு அன்னைக்கே தெரியும்... இல்ல?"

"ம்."

"ஏன் சொல்லல?"

"சொல்ல விட்டீங்களா?" என்றவன், அவள் முகம் வாடியதைப் பார்த்துக் குரலைத் தணித்தான். "சொல்ல வந்தேன். அதுக்குள்ள உங்க சார் ஆர்டரைப் பத்திப் பேசினார். அந்த நேரத்துல, 'தப்பு மேடம் மேல'ன்னு எப்படிங்க சொல்றது? தனியா வந்து சொல்லலாம்னு இருந்தேன். லெட்டர் முந்திக்கிச்சு."

"குடோன்ல போட்டப்பவாவது உங்க முதலாளிகிட்ட..."

"அவர் உடனே உங்க சாருக்கு ஃபோன் போட்டிருப்பார்."

அவள் வேலைக்காக ஒருவன் இங்கே தூசியில் நின்றிருக்கிறான், ஒரு வார்த்தை சொல்லாமல். கண்கள் நிறைந்து வழிந்தன. "மன்னிச்சிடுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு, குடையை மறந்துவிட்டு மழையில் இறங்கி நடந்தாள்.

பதினைந்து நாள் கழித்து ஆய்வகத்தில் ஜாடி முன்னால் அவள் குனிந்திருந்தபோது, நீருக்கு அந்தப் பக்கம் அதே கண்கள் முளைத்தன.

"குடையைத் திருப்பிக் கொடுக்க வந்தேன்," என்றது குரல். "ஒரு சந்தேகமும் இருக்கு. சூட்டோட எடுத்த அளவை நம்பக் கூடாது, இல்லையா?"

"கூடாது."

"அதனாலதான் பதினஞ்சு நாளா ஆறப் போட்டேன்... அன்னைக்கு முதல்ல இந்த ஜாடி வழியா உங்க கண்ணைப் பார்த்தப்ப மனசுல என்ன வந்ததோ, அதேதான் இன்னைக்கும் இருக்கு. கொஞ்சம்கூட மாறல."

ஆய்வகத்தில் வேறு யாரும் இல்லை. குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

"எத்தனை தடவை பார்த்தீங்க?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"தினமும்."

"மூணு தடவை ஒரே எண் வந்தாலே எழுதிக்கலாம்," என்றாள். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் மாறல," என்றாள்.

மேசை மேல் இருந்த அவன் கையின் மீது தன் கையை வைத்தாள்.

"கையால தொடக் கூடாதுன்னு ஒருத்தங்க கத்தினாங்களே?"

"அது கிண்ணத்தை," என்றாள் அவள். கையை எடுக்கவில்லை.