நான்காம் கட்டில் சொன்ன பதில்

கோயமுத்தூர் உக்கடத்தில் பஸ் ஏறி, உடுமலைப்பேட்டைக்கு ஆறு கிலோமீட்டர் இருக்கும்போதே இறங்கி, தென்னந்தோப்புகளுக்கு நடுவே போகும் தார்ச்சாலையில் நடந்தால் அந்த ஆஸ்பத்திரி வரும். முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்கு மட்டுமானது. ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, டிபன் பாக்ஸும் தோள்பையுமாக அதன் வாசலில் போய் நின்றேன். வாட்ச்மேன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க, திரும்பி வந்துட்டீங்களா?" என்றார். சந்தோஷமாகக் கேட்ட மாதிரி இல்லை.

என் பெயர் சஃபியா. பிசியோதெரபிஸ்ட். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இங்கே ஆராய்ச்சி வார்டில் வேலை பார்த்தேன். ஒரு நோயாளி இறந்த பிறகு வார்டைப் பூட்டினார்கள். நானும் கோயமுத்தூருக்கே போய்விட்டேன். இப்போது மறுபடி திறந்திருக்கிறார்கள். ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் வரதராஜுலு அவரே போன் போட்டுக் கூப்பிட்டார். அவரிடம் வரமாட்டேன் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

வார்டுக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அந்த வாசனைக்கு அடியில் பழைய வாசனை அப்படியே இருந்தது. டெட்டால், நனைந்த பஞ்சு, அப்புறம் என்னவென்று சொல்லத் தெரியாத ஒரு கருகல். பத்துக் கட்டில்களில் ஒன்பது காலி. நான்காம் கட்டிலில் மட்டும் ஒரு பெண் சாய்ந்து உட்கார்ந்து, மடியில் ஆரிச் சட்டத்தை வைத்துக்கொண்டு ஜாக்கெட் துணியில் மயில் போட்டுக்கொண்டிருந்தாள்.

எத்தனையோ கட்டில் இருக்க, அந்தக் கட்டிலைத்தானா கொடுக்க வேண்டும்?

அவள் கனிஷ்கா. கோபிசெட்டிபாளையம். இருபத்து மூன்று வயது. சத்தி ரோட்டில் பைக் விபத்து. மாருக்குக் கீழே உணர்ச்சி கிடையாது, அசைவும் கிடையாது. கை மட்டும் தப்பியது. அந்தக் கையை வைத்துக்கொண்டு, கட்டிலில் இருந்தபடியே கல்யாண ஜாக்கெட்டுகளுக்கு ஆரி வேலை செய்து, அவளும் அவள் அம்மா காளியாத்தாளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆராய்ச்சி இதுதான். நோயாளியின் மூக்குக்குள்ளிருந்தே கொஞ்சம் செல்களை எடுத்து, வளர்த்து, அறுந்துபோன தண்டுவடத்தில் செலுத்துவார்கள். நரம்பு மறுபடி வளர்கிறதா என்று பார்ப்பார்கள். கனிஷ்காவுக்கு முதல் ஊசி போட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. அடிபட்ட இடத்துக்குக் கீழே ஓர் இடத்திலாவது உணர்ச்சி திரும்பியிருந்தால் இரண்டாவது ஊசி. அது கழுத்தில். கழுத்தில் ஒரு நூல் தவறினாலும் கை போய்விடும். உணர்ச்சி வந்ததா இல்லையா என்று சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டியவள் நான்.

சோதனை எளிமையானது. நோயாளி கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். உடம்பின் ஒரு பக்கத்துக்கு இருபத்தெட்டு இடம். ஒவ்வோர் இடத்திலும் ஊசிமுனையை லேசாகத் தொட்டு "இப்போ?" என்று கேட்க வேண்டும். தெரிந்தால் இரண்டு மதிப்பெண், தெரியாவிட்டால் பூஜ்யம். நடுநடுவே தொடாமலேயே "இப்போ?" என்று கேட்க வேண்டும். உத்தேசமாகச் சொல்கிறவர்கள் அதில் மாட்டிக்கொள்வார்கள்.

கனிஷ்கா உத்தேசமாகச் சொல்கிற ஆள் இல்லை.

"தெரியலீங்க அக்கா." "தெரியலீங்க." "இல்லீங்க அக்கா." முகம் வாடியது; ஆனாலும் உள்ளதைச் சொன்னாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

முழங்காலுக்கு வந்தபோது ஊசியை விலக்கிப் பிடித்துக்கொண்டு, தொடாமல் கேட்டேன். "இப்போ?"

"தெரியுதுங்க."

ஆண் குரல். மெதுவான, பணிவான குரல்.

திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. கனிஷ்கா கண்ணை மூடியபடியே, "அக்கா, நான் ஒண்ணும் சொல்லலீங்களே?" என்றாள்.

அவள் முழங்காலைப் பார்த்தேன். என் ஊசி படாத இடத்தில் கடுகளவு ரத்தம் துளிர்த்திருந்தது.

அந்தக் குரலை எனக்குத் தெரியும். தம்பிதுரையின் குரல்.

தம்பிதுரை குடிமங்கலம் பக்கத்தில் தென்னை ஏறுகிறவர். மரத்திலிருந்து விழுந்து, இதே நான்காம் கட்டிலில் எட்டு மாதம் கிடந்தார். ஊசி போட்ட பிறகு நான்தான் சோதித்தேன். எங்கே குத்தினாலும் "தெரியுதுங்க அம்மணி" என்றார். தொடாமலும் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பெரிய மனிதரைக் கண்ணை மூட வைத்து ஏமாற்றுவது மரியாதையாகப் படவில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் நிஜம். டாக்டர் பக்கத்தில் நின்று தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை அணைக்க எனக்கு மனசு வரவில்லை.

தொடையில் உணர்ச்சி திரும்பியது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாளை நம்பி ஒரு நர்ஸ் குளிருக்கு இதமாக அவர் தொடையில் வெந்நீர்ப் பையை வைத்தாள். அவருக்குச் சுட்டது தெரியவில்லை. சதை வெந்தது. சீழ் பிடித்தது. பத்தொன்பது நாளில் இறந்துபோனார்.

கடைசி நாள் அவரிடம் கேட்டேன். "தெரியாமயே ஏனுங்க தெரியுதுன்னு சொன்னீங்க?"

"எல்லாரும் இத்தன பாடுபடறீங்க. மூஞ்சிக்கு நேரா இல்லைன்னு எப்படீங்க சொல்றது?" என்றார். எங்கள் ஊர்க்காரர்களின் மரியாதை அப்படிப்பட்டது. வீடு தேடி வந்தவரிடம் இல்லை என்ற சொல் வாயில் வராது. பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தார். ஒடிந்துவிடும் போலப் பிடித்தார்.

"ஆனா உங்களுக்குத் தெரியுமுங்க அம்மணி. தெரிஞ்சேதான் எழுதிப்போட்டீங்க."

உண்மை. எனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை டாக்டர் எதிரிலேயே சோதனை நடந்தது. அவர் செல்போனில் வீடியோ எடுத்தார். நான் தொட்ட இடங்களில் எல்லாம் கனிஷ்கா இல்லை என்றாள். தொடாமல் கேட்ட ஐந்து முறையும் பதில் வந்தது. எனக்குக் கேட்டது தம்பிதுரையின் குரல். டாக்டர் வீடியோவைப் போட்டுக் காட்டினார். அதில் உதடு அசைந்தது, குரலும் கனிஷ்காவின் குரலாகவே இருந்தது.

"ஊசி படாதப்போ சொன்னது சார் அது," என்றேன்.

"பட்டிருக்கு. ரத்தத்தைப் பாருங்க சஃபியா. மூளைக்கு முன்னாடி உடம்பு பதில் சொல்லுது. இதுக்குத்தான் பதினோரு வருஷம் காத்திருந்தேன்."

கண்ணைக் கட்டியவனுக்குக்கூடத் தடவிப் பார்த்தால் வழி தெரியும். ஆசை பிடித்தவனுக்கு அதுவும் தெரியாது.

"நான் சொல்லலீங்க டாக்டர்," என்றாள் கனிஷ்கா. அவர் முகம் சுருங்கியது. உடனே அவள் குரல் தாழ்ந்தது. "நீங்க சொன்னா... சரியாத்தானுங்க இருக்கும்."

இன்னொரு தம்பிதுரை என் கண் முன்னாலேயே உருவாகிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை கழுத்தில் ஊசி போடும் ஆபரேஷன் என்று குறித்தார்கள். புதன்கிழமை மத்தியானம் கடைசிச் சோதனை. என் கையெழுத்து மட்டும் பாக்கி.

புதன்கிழமை உச்சி வெயில். காளியாத்தாள் சாப்பாடு வாங்கப் போயிருந்தார். தோப்பில் ஒரு மட்டைகூட அசையவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, ஆனால் காற்று வரவில்லை. கருகல் வாசனை இப்போது மூக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டது. வெந்த தோலின் வாசனை.

"கண்ணை மூடிக்கோ கண்ணு. பொய் மட்டும் சொல்லாதே. யாருக்காகவும் சொல்லாதே."

"சரிங்க அக்கா."

பாதத்தில் தொட்டேன். இல்லை என்றாள். கணுக்காலில் தொட்டேன். இல்லை.

முழங்காலுக்குப் போகுமுன் என் கை நின்றது.

நான் கேட்கவில்லை. வாயே திறக்கவில்லை.

"தெரியுதுங்க."

முழங்காலில் ஒரு சிவப்புப் புள்ளி.

"தெரியுதுங்க."

தொடையில் ஒன்று.

"தெரியுதுங்க. தெரியுதுங்க. தெரியுதுங்க."

இடுப்பு. தொப்புள். விலா. சோதனைத் தாளில் உள்ள அதே வரிசை, அதே இடங்கள். யாரோ நிதானமாக, தொழில் தெரிந்தவர்போல, குத்திக்கொண்டே மேலே ஏறினார்கள். மரம் ஏறுகிறவர் ஏறுவது போல.

"அக்கா!" கனிஷ்கா வீறிட்டாள். புள்ளி நெஞ்சைத் தாண்டியிருந்தது. உணர்ச்சி உள்ள இடம். "வலிக்குது! அக்கா, விரல் மரத்துப்போகுது!"

தாளை இழுத்து அவள் காலடியில் வைத்துப் பேனாவைத் திறந்தேன். பாதம், பூஜ்யம். கணுக்கால், பூஜ்யம். முழங்கால், பூஜ்யம்.

என் காதுக்குப் பக்கத்தில், சூடான மூச்சோடு, அந்தப் பணிவான குரல்.

"அழிச்சுப்போட்டு எழுதுங்க அம்மணி."

பூஜ்யம். பூஜ்யம்.

"எனக்கு மட்டும் ரெண்டு போட்டீங்களே."

மணிக்கட்டை ஏதோ பிடித்தது. அதே பிடி. எலும்பு நெரிந்தது. நான் அழுதேன், "தப்புங்க, நான் செஞ்சது தப்புங்க" என்று கத்தினேன். இரங்கவில்லை. பிடி இறுகியது. பேனாவை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, கிறுக்கலாக, மாருக்குக் கீழே உள்ள கடைசிக் கட்டம் வரை பூஜ்யம் போட்டுக் கையெழுத்திட்டேன்.

பிடி விட்டது. புள்ளிகள் காறை எலும்போடு நின்றிருந்தன. கனிஷ்கா விரல்களை மடக்கி, நீட்டி, மடக்கிப் பார்த்துத் தேம்பிக்கொண்டிருந்தாள். விரல்கள் அசைந்தன.

அன்று சாயங்காலமே தம்பிதுரையின் பழைய தாள் பொய் என்று எழுதிக் கொடுத்தேன். டாக்டர் வரதராஜுலு என்னைப் பேசிய பேச்சைத் தாளில் எழுத முடியாது. ஆராய்ச்சியை நிறுத்தினார்கள், வார்டைப் பூட்டினார்கள், என்னையும் வெளியே அனுப்பினார்கள். கனிஷ்கா தப்பிய கைகளோடு கோபிக்குத் திரும்பினாள். எனக்கு வேலை போனதில் வருத்தமே இல்லை. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம். லுஹர் தொழுகை முடித்துப் பாயைச் சுருட்டும்போது போன் அடித்தது. கனிஷ்கா.

"அக்கா! காலு தெரியுதுங்க! நெசமாத் தெரியுதுங்க!"

"எப்படிக் கண்ணு? எப்போலிருந்து?"

"ஒரு வாரமாச்சுங்க. தெனமும் மத்தியானம் ஊசியில குத்திக் குத்திப் பாக்கறதுதானுங்களே. மொதல்ல பெருவிரல். அப்புறம் முட்டி. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மேல."

காளியாத்தாள் ஏதோ யூடியூபைப் பார்த்துவிட்டுச் செய்கிறார் என்று நினைத்தேன். "அம்மாகிட்ட அப்படியெல்லாம் குத்த வேண்டாம்னு சொல்லு. நான் ஞாயித்துக்கிழமை வந்து முறையா பாக்கறேன். ஆரி வேலையெல்லாம் எப்படிப் போகுது?"

அவள் குரல் இறங்கியது.

"அதுதானுங்க அக்கா. காலு வந்ததுலேர்ந்து கை சரியில்லீங்க. நேத்துலேர்ந்து ரெண்டு கையும் சுத்தமா மரத்துப்போச்சு. ஊசியே பிடிக்க முடியல. ஒரு விரலக்கூட அசைக்க முடியலீங்க."

"கனிஷ்கா, போனை அம்மாகிட்டக் குடு. இப்பவே குடு."

"அம்மா ரேசன் கடைக்குப் போயிருக்காங்க. ஊட்டுல யாருமில்லீங்க."

"அப்போ போனை யாரு உன் காதுல பிடிச்சிருக்கா?"

அவள் சிரித்தாள். பாசமாக, நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள்.

"ஒரு கையில ஊசி, ஒரு கையில போனு. நீங்கதானுங்களே அக்கா."