முத்துத் தராசில் ஏறிய தோட்டாக்கள்

"குறி ஒரு சாண் விலகினா சாவப்போறது சிறுத்தை இல்லம்மா, ஒங்க காக்கா!"

வேட்டைக்காரன் சில்வை துப்பாக்கியைத் தாழ்த்தினான். ஹபீபா எதிர்ப்பக்கம் எட்டிப் பார்த்தாள். இலங்கைக் காட்டின் அந்தப் பள்ளத்துக்கு அப்பால், பாறை இடுக்கில் முள்ளை இழுத்து மூடிக்கொண்டு ஒடுங்கிக் கிடந்தான் அவள் 'காக்கா' என்றழைக்கும் அண்ணன் லெப்பைத்தம்பி. நீலக்கல் தேடிப் போனவன்! இடுக்கின் வாசலிலோ, விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி நகராமல் படுத்திருந்தது ஆட்கொல்லிச் சிறுத்தை. மலையைச் சுற்றி ஏறிப் போனால் பொழுது சாய்ந்துவிடும். அதுவரை முள் தாங்காது. இங்கிருந்தே சுடவேண்டும்!

குன்றுக்குப் பின்னால் போய் ஒரு மரத்தில் சுட்டுப் பார்த்தார்கள். வெடிச்சத்தத்தை அருவி விழுங்கிக்கொண்டது. டுமீல்! மேலே. டுமீல்! கீழே. டுமீல்! பாவம், பக்கத்து மரத்துக்குக் காயம்.

"கை நடுங்குதா அண்ணே?"

"ஆடுற படகுல நின்னு சுட்ட கையி இது! தோட்டாவும் நானே கெட்டிச்சதுதான். சுட்டுப்போட்ட பழைய தோட்டாக் கூட்டைத் துடைச்சு, வாயைச் சமமா ராவி, வெடிமருந்தை அளந்து போட்டு…"

"கூடு எங்கே வாங்குனீங்க?"

சில்வையின் முகம் மலர்ந்தது. "கொழும்பு ஏலத்துல! கலந்து கட்டி, கொள்ளை மலிவு!"

ஹபீபா தலையில் கை வைத்தாள். காயல்பட்டினத்து முத்து வியாபாரி மகளுக்குக் கலந்து கட்டியதன் சூது தெரியாதா? இடுப்புப் பையிலிருந்து முத்துத் தராசை எடுத்தாள். சில்வையின் மருந்துப் பையிலிருந்த காலிக் கூடுகளை ஒவ்வொன்றாக ஏற்றினாள். பார்வைக்கு எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். தட்டிலோ ஒன்று தாழ்ந்தது, ஒன்று எம்பியது!

"கனத்த கூட்டுக்குச் சுவர் தடிப்பு. உள்ளே இடம் கம்மி. அதே மருந்து அங்கே நெருக்கித் தள்ளும். பொறவு குண்டு எப்படி ஒரே இடத்துக்குப் போவும்?"

"அட! நான் துப்பாக்கியையில்ல ஏசிக்கிட்டிருந்தேன்!"

எடை ஒத்தவை ஒரு கைப்பிடி தேறின. சில்வை அவற்றில் மட்டும் புதிதாக மருந்தும் குண்டும் கெட்டித்துச் சுட்டான். மூன்று ஓட்டைகளையும் ஒரு வெற்றிலை மூடியது!

ஓடிவந்து பள்ளத்தின் விளிம்பில் குப்புற விழுந்தார்கள். எதிரே முள் சரிந்திருந்தது. காக்காவின் கால் வெளியே தெரிந்தது. சிறுத்தை எழுந்து பதுங்கியது.

"சுடுங்க!"

டுமீல்!

சிறுத்தை சுருண்டு பள்ளத்தில் உருண்டது. முள்ளை உதைத்துக்கொண்டு எழுந்தான் லெப்பைத்தம்பி. உயர்த்திய கையில் நீலம் பளிச்சிட்டது!

"ஹபீபா! கல்லைப் பாத்தியா? என்ன வெல போவும்?"

"மொதல்ல உசுரோட வந்து சேரு காக்கா! பேரம் பொறவு!"

கொழும்பில் அந்தக் கல்லுக்கு ஆளாளுக்கு முட்டி மோதினார்கள். ஒரு சீமான், ஹபீபாவின் கழுத்துச் சங்கிலியில் தொங்கிய, சிறுத்தையை வீழ்த்திய தோட்டாவின் கூட்டையும் விலைக்குக் கேட்டான். கல்லைக் காட்டினாள், கூட்டை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

மூவரும் வெற்றியோடு கடைத்தெருவில் வருகையில் ஏலக்காரன் கூவினான்: "கலந்து கட்டி! கொள்ளை மலிவு!"

சில்வையின் கை தானாக உயர்ந்தது. பாதியில் நின்றது. மெல்ல ஹபீபாவின் பக்கம் திரும்பினான்.

"தராசு கையில இருக்காம்மா?"

மலிவாக வாங்குவதில் தப்பில்லை. நிறுக்காமல் நம்புவதுதான் தப்பு.