பின்சீட்டில் ஓடிய படம்

அந்த வேன் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தது ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை. பாலைவன ஊரான டூசானில் ஜூன் என்றால் எட்டு மணிக்கே கதவுக் கைப்பிடியைத் தொட முடியாது. என் கணவன் ரஸ்ஸல் அதை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தி, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி இரண்டு தரம் ஹாரன் அடித்தான்.

"நோரீன், சீக்கிரம் வா! உனக்கு ஒரு தியேட்டரே வாங்கிட்டு வந்திருக்கேன்."

"தியேட்டர்ல பாப்கார்ன் வாசம்ல வரும். இதுல ஏதோ வெந்துபோன வாசம் அடிக்குதே?"

"மூடியே கிடந்த வண்டி. ரெண்டு நாள் கதவைத் திறந்து போட்டா சரியாப் போயிடும். குறை சொல்றதுக்குன்னே ஒரு மூக்கு உனக்கு."

சரியாகப் போகவில்லை. சூடேறிய பிளாஸ்டிக்கும் புளித்த ஆப்பிள் ஜூஸும் கலந்த வாசம் அது. கடைசி வரைக்கும் இருந்தது.

மூன்று வரிசை இருக்கைகள். கூரையில் ஒரு பொத்தானை அழுத்தினால், முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவே ஒரு திரை மடங்கி இறங்கும். ஒயர் இல்லாத ஹெட்போன் இரண்டு. காதில் மாட்டினால் ஓரத்தில் சின்னதாகச் சிவப்பு விளக்கு எரியும். ஒரு ஹெட்போனின் உள்பக்கத்தில் கறுப்பு மார்க்கரால் 'வெஸ்லி' என்று எழுதியிருந்தது. பள்ளிக்கூடத்தில் தொலைந்துபோகாமல் இருக்க நாங்கள் எல்லோருமே பிள்ளைகளின் பொருள்கள்மீது பெயர் எழுதுகிறவர்கள்தான். அதனால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வேனை விற்றவர் வயதான மனிதராம். சாவியை ரஸ்ஸலின் கையில் கொடுத்துவிட்டு, திரும்பியும் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விட்டாராம். "டிஸ்க் உள்ளேயே மாட்டிக்கிச்சு, வெளிய வராது" என்று மட்டும் சொன்னாராம். ரஸ்ஸல் கத்தி, இடுக்கி எல்லாம் வைத்து நெம்பிப் பார்த்தான். அசையவில்லை. அதனால் இருந்தது ஒரே ஒரு படம். ஒரு பனிக்கரடிக் குட்டி தாயைத் தொலைத்துவிட்டு, பனிப் பாளங்களின் மேல் தேடிக்கொண்டே போகும். ஐம்பது நிமிடம் ஓடியதும் குட்டி ஒரு விரிசலின் விளிம்பில் வந்து நிற்கும். திரை அப்படியே உறைந்துவிடும்.

எங்கள் மகள் டெல்லாவுக்கு அப்போது நாலு வயது. அந்த ஐம்பது நிமிடமே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. எனக்கு அதைவிட அதிகமாகப் போதுமானதாக இருந்தது.

மறைக்க என்ன இருக்கிறது? பல் டாக்டரின் கிளினிக்கில் நாள் முழுக்க டெலிபோன் எடுக்கிறவள் நான். மாலையில் வண்டியில் ஏறினால் பின்னாலிருந்து நானூறு கேள்வி வரும். அதனால் ஒரு சட்டம் போட்டேன். படம் ஓடும்போது ஹெட்போனைக் கழற்றக் கூடாது. கழற்றினால் அன்றைக்குப் படம் கிடையாது. டெல்லா சொன்ன பேச்சுக் கேட்கிற குழந்தை. அவளுடைய சீட்டு பெல்ட்டும் ஐந்து பக்கம் இழுத்துக் கட்டுகிற வகை. குழந்தையால் கழற்றவே முடியாது என்று விளம்பரத்தில் பெருமையாகப் போட்டிருந்ததைப் பார்த்துத் தேடி வாங்கினேன்.

மூன்றாம் வாரம் டெல்லா கேட்டாள்.

"அம்மா, அந்தப் பையன் ஏன் இறங்கவே மாட்டேங்குறான்?"

"எந்தப் பையன்?"

"பின்னாடி இருக்கானே. அவங்கம்மா கடைக்குள்ள போயிருக்காங்களாம். இப்ப வந்துடுவாங்களாம்."

கண்ணாடியில் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் யாரும் இல்லை. மளிகைப் பை ஒன்று கிடந்தது. அதன்மேல் 'வெஸ்லி' என்று எழுதிய அந்த இன்னொரு ஹெட்போன் கிடந்தது.

அதன் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ரஸ்ஸலிடம் சொன்னேன். "நாலு வயசுல எனக்கும் கற்பனையா ஒரு ஃப்ரெண்டு இருந்தான், வேலைக்குப் போற முதலை. அதுக்குக் கழுத்துல டையெல்லாம் உண்டு," என்று சிரித்தான். குழந்தை டாக்டரும் அதையே வேறு விதமாகச் சொன்னார், இந்த வயதில் இதெல்லாம் சகஜமாம். நானும் நம்பினேன். நம்ப வேண்டியிருந்தது. படம் இல்லாத வண்டியை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஒரு நாள் திரை வழக்கமான இடத்தில் நின்றது. "கரடிக் குட்டி அந்த விரிசலைத் தாண்டிடுமா?" என்று விளையாட்டாகக் கேட்டேன். டெல்லா பின்னால் திரும்பி ஏதோ கேட்டுவிட்டு வந்தாள்.

"அவனுக்கு அதுக்கப்புறம் தெரியாதாம்மா."

அன்றைக்கே நான் அந்த வண்டியை விட்டிருக்க வேண்டும்.

ஜூலையில், ஒரு செவ்வாய்க்கிழமை நண்பகல், ரஸ்ஸலின் அக்கா வீட்டுக்குக் கிளம்பினோம், நானும் டெல்லாவும் மட்டும். மூன்று மணி நேர நெடுஞ்சாலை. வெயில் நூற்றுப் பன்னிரண்டு டிகிரி. ஊரைத் தாண்டியதும் டெல்லா சொன்னாள், "இன்னைக்குப் படம் முழுசா ஓடும்னு சொல்றான்." சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். ஸ்டீயரிங்குக்கு முன்னால் ஒரு விளக்கு எரிந்தது. பின்பக்கத் தள்ளுகதவு சரியாக மூடவில்லை என்பதற்கான விளக்கு.

எண்பது மைல் வேகத்தில் கதவு திறந்தால் என்ன ஆகும் என்று மனம் படம் போட்டுக் காட்டிவிட்டது. பக்கத்தில் ஒரு ஓய்விடம் தெரிந்தது. மராமத்துக்காக மூடி, வழியில் ஆரஞ்சுப் பீப்பாய்கள் வைத்திருந்தார்கள். அவற்றைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய் நிறுத்தினேன்.

எஞ்சினை அணைக்கவில்லை. எங்கள் ஊரில் குழந்தை உள்ளே இருந்தால் யாரும் ஏசியை அணைக்க மாட்டார்கள். சாவியும் போனும் உள்ளேயே இருந்தன. அரை நிமிட வேலைதானே என்று இறங்கிச் சுற்றிப் போய்த் தள்ளுகதவைப் பார்த்தேன். கதவு சரியாகத்தான் மூடியிருந்தது.

டக்.

எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொண்டன.

அப்புறம் எஞ்சின் நின்றது.

நான் ஓடி ஓட்டுநர் கதவை இழுத்தேன். பின்கதவை இழுத்தேன். நான்கு கதவையும் மாறி மாறி இழுத்தேன். உலோகம் உள்ளங்கையைச் சுட்டது. உள்ளே திரை மட்டும் நீலமாக ஓடிக்கொண்டே இருந்தது. எஞ்சின் நின்றால் திரையும் நிற்க வேண்டும்.

"டெல்லா! டெல்லா, இங்க பாரும்மா!"

அவளுக்குக் கேட்கவில்லை. காதில் ஹெட்போன். ஜன்னலில் வெயிலுக்காக நானே ஒட்டிய கறுப்பு வலை. முன் கண்ணாடிக்கு ஓடிப் போய்க் கைகளை ஆட்டினேன். நடுவே திரை தொங்கியதால் அவள் முகத்தில் பாதிதான் எனக்குத் தெரிந்தது. கண்ணாடியை அடித்தேன். பானெட்டின்மேல் ஏறி முழங்கால் தோல் தீய உட்கார்ந்து, இரண்டு முஷ்டியாலும் அடித்தேன்.

நான் சொன்ன பேச்சை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு கல்லைப் பொறுக்கி வந்து பக்கக் கண்ணாடியில் அடித்தேன். கல் உடைந்தது. இன்னொன்று. விரலில் இரத்தம் வந்தது, கண்ணாடியில் ஒரு கீறல்கூட விழவில்லை. கம்பி வேலிக்கு அந்தப்பக்கம் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. வேலிவரைக்கும் ஓடலாமா என்று நாலு எட்டு வைத்தேன், திரும்பி வந்தேன். அவளை விட்டுப் போக முடியவில்லை. மறுபடி ஓடினேன், மறுபடி திரும்பினேன். பைத்தியக்காரிபோல அந்தத் தாரில் முன்னும் பின்னும் ஓடியதை நினைத்தால் இப்போதும் என்மேலேயே ஆத்திரமாக வருகிறது.

வலையின் ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஓர் இடைவெளி இருந்தது. அதில் கண்ணை வைத்துப் பார்த்தேன்.

டெல்லாவின் கன்னம் இரத்தச் சிவப்பாக இருந்தது. முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. வாய் திறந்திருந்தது. பெல்ட்டைக் கையால் இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. கையைக் கீழே போட்டுவிட்டாள்.

திரையில் கரடிக் குட்டி விரிசலுக்கு முன்னால் நின்றது.

இந்த முறை படம் உறையவில்லை. குட்டி தாண்டியது.

மூன்றாவது வரிசையின் இருட்டில் சிவப்பு விளக்கு மெல்ல முன்னால் நகர்ந்து வந்தது. டெல்லாவின் தோளுக்குப் பின்னால் வந்து நின்றது. அவளும் அவனும் சேர்ந்து பார்ப்பதுபோல.

டெல்லாவின் தலை ஒருபக்கமாகச் சாய்ந்தது.

எனக்கு அந்த நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. அவன் கெட்டவன் இல்லை. அவனும் இப்படித்தான் ஓர் அம்மா போட்ட சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, இப்படி ஒரு வெயிலில், வந்துவிடுவாள் வந்துவிடுவாள் என்று படம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். தனியாக இருந்திருக்கிறான். இனி தனியாக இருக்க அவனால் முடியாது.

கண்ணாடியில் வாயை ஒட்டி வைத்தேன். உதடு வெந்தது.

"வெஸ்லி... வெஸ்லி கண்ணா..."

சிவப்பு விளக்கு என் பக்கம் திரும்பியது.

அவன் அம்மா வர மாட்டாள் என்று சொல்ல நினைத்தேன். சொன்னால் திறக்க மாட்டான். என் குழந்தைக்கு இருப்பது ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ. வேறு எந்தத் தாயாக இருந்தாலும் நான் சொன்ன பொய்யையேதான் சொல்லியிருப்பாள்.

"அம்மா வந்துட்டேன்டா. கடையில லேட்டாயிடுச்சு. அம்மா வந்துட்டேன் பாரு. திறடா தங்கம், உன்னைத் தூக்கிக்கிறேன்."

டக்.

தள்ளுகதவு தானாகவே வழிவிட்டது. உள்ளேயிருந்து வந்த அனல் என் புருவத்தைக் கருக்கியது. டெல்லாவின் பெல்ட்டை எப்படிக் கழற்றினேன் என்று தெரியாது. அவளைத் தூக்கி வலது இடுப்பில் போட்டுக்கொண்டு திரும்பினேன்.

இடது இடுப்பில் ஏதோ ஏறியது.

கனமாக. கொதிக்கக் கொதிக்க. இரண்டு சின்ன முழங்கால்கள் என்னை இறுக்கிப் பிடித்தன.

நான் குனிந்து பார்க்கவில்லை. இரண்டு பாரத்தோடும் வேலிவரை ஓடினேன். லாரி ஓட்டுகிற ஒரு பெண்மணி நிறுத்தினாள். ஐஸ் தண்ணீரை டெல்லாவின் தலையில் கொட்டினாள். "மூச்சு இருக்கு, பயப்படாத, மூச்சு இருக்கு," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். டெல்லா கண் திறந்து இருமியபோது நான் மண்ணில் விழுந்து அழுதேன். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தாள். பிழைத்துக்கொண்டாள். ரஸ்ஸல் வேனைப் பழைய இரும்புக்காரனிடம் தள்ளி, அது தகடாக நசுங்கும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டு வந்தான்.

என் இடது இடுப்பில் இரண்டு வட்டமாகத் தோல் உரிந்திருந்தது. வெயில் கொப்புளம் என்றார் டாக்டர். துணிக்கு உள்ளே எப்படி வெயில் பட்டது என்று நான் கேட்கவில்லை.

இப்போது டிசம்பர். காலையில் புல்லில் பனி பிடிக்கிறது. நான் ஸ்வெட்டர் போடுவதில்லை, இடதுபக்கம் அவ்வளவு சூடு. நடக்கும்போது ஒருபக்கமாகச் சாய்கிறேன். "கால்ல ஏதாச்சும் அடிபட்டுதா?" என்று கிளினிக்கில் கேட்கிறார்கள். முதலில் ஒரு சாக்கு மாவு கனம் இருந்தது. இப்போது அதைவிடக் கூடுதல். பிள்ளைகள் வளரத்தானே செய்யும்?

ரஸ்ஸலிடம் சொல்லவில்லை. ஒரு முறை, குளியலறையில் கதவைப் பூட்டிக்கொண்டு, மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "வெஸ்லி, நான் உங்கம்மா இல்லப்பா. பொய் சொல்லிட்டேன். இறங்கிக்கோ." முழங்கால்கள் இன்னும் இறுகின. அன்று முழுக்கச் சரியாக மூச்சு விட முடியவில்லை. மறுபடி அதைச் சொன்னதில்லை.

நேற்று மாலை டெல்லா வாசலில் தடுக்கி விழுந்தாள். முட்டியில் இரத்தம். அழுதுகொண்டே எழுந்து வந்து, என் முன்னால் நின்று இரண்டு கையையும் தூக்கினாள். ஐந்து மாதமாக நான் அவளைத் தூக்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து, வலது கையை நீட்டினேன்.

"வாடி செல்லம். இந்தப் பக்கம் உனக்குத்தான். வா."

அவள் இரண்டடி முன்னால் வந்தாள். அப்புறம் என் இடது தோளுக்கு மேலே எதையோ பார்த்தாள். அழுகை நின்றது. தூக்கிய கைகளை மெதுவாக இறக்கிக்கொண்டாள்.

"வேணாம்மா," என்றாள் ரகசியமாக. "ரெண்டு பக்கமும் அவனுக்கு வேணுமாம்."