நாலு கோட்டு வாசல்

மல்வேர்னில் கிளிபோட் அண்ணையின் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தது காலை பத்து மணிக்கு. வாசலில் பனி வழித்து உப்புத் தூவியிருந்தது. வீட்டுக்குக் கீழே பேஸ்மென்றில் ஒரு கதவு பொருத்த வேண்டும், வேலை அவ்வளவுதான்.

"வா தம்பி பிரியந்தன். சப்பாத்தைக் கழட்டத் தேவையில்லை. கம்பளத்தை மட்டும் மிதிச்சுப்போடாதை."

கம்பளம் மேல்வீடு முழுக்க இருந்தது. கழற்றிவிட்டுப் போனேன்.

அண்ணைக்கு மூன்று பட்டங்கள். மூன்றும் அவரே தலைவராக இருக்கும் சங்கங்கள் கொடுத்தவை. போன வருடம் இந்தோனேசியாவில் ஒரு கடலோரக் கிராமத்துக்குப் போய் இருபது சூரிய விளக்குகளும், அவற்றைக் கொடுக்கும்போது இருநூறு படங்களுமாகத் தொண்டு செய்தார். கிராமத்தில் அவர் நின்றது நாலு மணித்தியாலம். படம் பிடிக்கப்போன மகள் மெலனிதான் மூன்று நாள் அங்கேயே, சுமினா என்ற விதவையின் வீட்டில் தங்கிவிட்டாள்.

அந்த வீட்டு வாசல்நிலை இப்போது பேஸ்மென்ற் சுவரில் சாய்ந்திருந்தது. தேக்கு. ஏழடி. மேல்பக்கம் உப்புக்காற்றில் வெளிறியும் கீழ்ப்பக்கம் சேற்றில் கறுத்தும் கிடந்தது. கறுப்புக்குக் குறுக்கே நாலு கோடுகள்.

"உது என்ன அண்ணை கோடு?"

"வடிவுக்குப் போட்டிருக்கிறாங்கள்."

"வடிவுமில்லை ஒண்டுமில்லை," என்றாள் சோபாவில் இருந்த மெலனி. "அது நிலம் அண்ணா. கடல் வீட்டுக்குள்ள வர வர, மண் கொட்டி நிலத்தை உயர்த்துவினம். கூரை மட்டும் அதே இடம். ஃபோர் டைம்ஸ் உயர்த்தியாச்சு. நாலடி நிலை மண்ணுக்குள்ள. மிச்ச மூண்டடிக்குள்ளால குனிஞ்சுதான் போய் வரவேணும்."

அங்கே வயல்கள் கடலாகிவிட்டன என்றாள். நெல் விதைத்தவர்கள் நண்டுக்கூடு வைக்கிறார்கள். தெருவுக்குப் பதிலாகப் பலகைப் பாலம். நாளுக்கு இரண்டு தரம் அடுப்படிக்குள் தண்ணீர். முடிந்தவர்கள் போய்விட்டார்கள். சுமினா போகவில்லை. புருஷனின் புதைகுழியையும் வருடாவருடம் மண் கொட்டி உயர்த்த வேண்டும், அதை ஆரிடம் விட்டுப் போவது?

"அப்பா அங்க குனியமாட்டன் எண்டு நெத்தியில நல்லா வாங்கினவர்."

"கட்டைச் சனம். அளவு தெரியாமல் கட்டிப்போட்டுதுகள்," என்றார் அண்ணை.

"அவ உங்களிட்டக் கேட்டது ஒரு வள்ளத்தில ஏத்திற மண், அப்பா. அஞ்சாந்தரம் உயர்த்த."

"மண்ணைக் குடுத்தா படத்தில என்னெண்டு தெரியும்?"

அவர்கள் திரும்பி வந்த அடுத்த மாதம் சுமினா இறந்துபோனாள். மகன் வீட்டைப் பிரித்து விற்றான். தோண்டியெடுத்த நிலையை அண்ணை கப்பலில் இங்கே இறக்கினார். இனி வரும் மூன்றாம் சனிக்கிழமை வீட்டில் விழா. பிரதம விருந்தினர் அந்த வாசலில் நின்று அண்ணைக்குப் பொன்னாடை போர்த்துவார்.

வேறு இடமில்லாததால் பேஸ்மென்றில் இருந்த மெலனியின் படுக்கையறைக்கே நிலையைப் பொருத்தினேன். ஏழடிக்குப் புதுக் கதவும் போட்டேன்.

ஐந்தாம் நாள் அண்ணை அழைத்தார்.

"என்ன வேலை செய்தனி? கதவு அடியில தட்டுது."

போய்ச் சீவினேன். புது மரம். சுருள் சுருளாக விழுந்த சீவல் ஈரமாக இருந்தது. சேறும் அழுகிய நண்டும் மணத்தன.

ஒரு கிழமையில் மறுபடி அழைப்பு. இந்த முறை அளவுநாடாவை விரித்தேன். மேலிருந்து நிலம்வரை ஆறடி. இன்னொரு தரம் அளந்தேன். ஆறடிதான். ரைல்ஸ் பதித்த நிலம் பளபளவென்று, வெடிப்பில்லாமல், காய்ந்து கிடந்தது.

முதல் கோட்டைக் காணவில்லை.

மெலனி வந்தாள். ஆறடி வாசலில் ஐந்தடிப் பெண் இடுப்புவரை குனிந்து உள்ளே போனாள்.

"ஏன் தங்கச்சி குனியிறீர்?"

"பழகிட்டுது அண்ணா."

படிக்கட்டில் அவளுடைய தாய் யூஜினி அக்கா என் கையைப் பிடித்தார். "பிள்ளை மேல வந்து படுக்கிறாளில்லை தம்பி. தோள் நோகுதாம். மண் சுமந்த நோவாம். உதைக் கழட்டிப்போடு."

"சனிக்கிழமை படம் எடுத்து முடியட்டும்!" என்று மேலிருந்து அண்ணையின் குரல் வந்தது.

சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு அக்கா அழுதுகொண்டு அழைத்தார். நான் ஓடிப்போனேன். மேலே பற்றிஸ் பொரியும் மணம், ஒலிவாங்கி இரைச்சல். 'அகிலம் போற்றும் அன்னவர்' என்று யாரோ ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். கீழே நாலாவது கோடும் நிலத்துக்குள் போயிருந்தது. கதவு அரைவாசிக்குமேல் புதைந்து, அசையாமல் நின்றது. மெலனி உள்ளே.

"பிள்ளை! கேக்குதே?"

காதைக் கதவில் வைத்தேன்.

சரக்.

சரக்.

உள்ளே ஈர மண்ணை யாரோ வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் மரமறுக்கும் வாளை எடுத்தேன்.

"நிலையில படாமல் வெட்டு," என்றார் அண்ணை. "பிரதம விருந்தினர் மார்க்கத்தில வந்துகொண்டிருக்கிறார்."

"வெட்டுறதெண்டா முதல் உங்கட வாயைத்தான் வெட்டவேணும்!" என்று கத்திவிட்டு அக்கா மேலே ஓடினார்.

பலகையில் ஒரு துவாரம் விழுந்தது. சத்தம் நின்றது.

உள்ளே இருட்டு. வெளியே பட்டப்பகல், அந்த அறையில் யன்னலும் உண்டு. ஆனால் இருட்டு.

அண்ணை கோட்டுச் சூட்டோடு முழங்காலில் இருந்தார். நெற்றி நிலத்தில் முட்டக் குனிந்து கையை உள்ளே விட்டார்.

"மெலனி, கையைத் தா மகள்."

ஒரு கணம்.

"பிடிச்சிட்டன்!" முகத்தில் வியர்வையும் சிரிப்பும். "ஐயோ, கை சில்லிட்டுப் போச்சு. இழு தம்பி, என்னை இழு."

நான் அவருடைய இடுப்பைப் பிடித்து இழுத்தேன். அப்போது வீட்டுக்கு வெளியே கண்ணாடி உடைந்தது. வளவுப் பக்கத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"யன்னலால எடுத்திட்டன்! பிள்ளை என்னோட நிக்கிறாள்!"

அண்ணை என்னைப் பார்த்தார்.

அவருடைய கை இன்னும் உள்ளேதான் இருந்தது.

"தம்பி," என்றார் மெல்ல. "விடுகுதில்லை."

இழுத்தேன். அவருடைய தோள்மூட்டு முறுகியது. உள்ளே அந்த மற்றக் கை அவசரப்படவில்லை. பழகிய பிடி.

மூன்று பட்டம் பெற்றவர் நிலத்தில் கன்னம் வைத்துக் கிசுகிசுத்தார். "தாறன். மண் தாறன். ஒரு வள்ளம். சத்தியமாத் தாறன்."

விட்டது.

அன்றே நிலையை உடைத்து எடுத்தேன். அளந்தால் ஏழடி. அறையில் ஒரு பிடி மண்கூட இல்லை. மெலனிக்கு உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம், வேறொன்றுமில்லை. நிலையில்லாமலே விழா நடந்தது. அண்ணை பொன்னாடையை இடக்கையால் வாங்கினார். வலக்கை அதுமுதல் காற்சட்டைப் பையிலேயே இருக்கிறது.

மண் கொடுக்கும் திட்டத்தை அறிவித்தார்தான். ஒன்பது பேர் கொண்ட குழு அமைத்தார். குழுவுக்குச் சின்னம் வரைய ஒரு உபகுழு. மெலனி கேட்கும்போதெல்லாம், "எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு மகள்," என்றார். ஒரு கரண்டி மண் போகவில்லை.

யூஜினி அக்கா அந்த வீட்டில் இருக்கமாட்டேன் என்று மகளையும் அண்ணையையும் கூட்டிக்கொண்டு டோர்செட் பார்க்கில் ஒரு அடுக்குமாடிக்குப் போய்விட்டார். பதினாலாம் மாடி. "உந்த உயரத்துக்கு எந்தக் கடலும் வராது," என்றார் தொலைபேசியில். குரலில் நிம்மதி இருந்தது.

நேற்று மத்தியானம் திரைச்சீலைக் கம்பி பூட்டப் போனேன். லிஃப்ற்றில் பழுதுபார்ப்பவர் ஒருவர் கருவிப்பெட்டியோடு குந்தியிருந்தார். எந்த மாடிக்கு என்று கேட்டார். சொன்னேன். முகம் சுருங்கியது.

"மற்ற எல்லா மாடியிலயும் சரியா நிக்குது," என்றார். "ரெண்டு நாளாப் பாக்கிறன். லிஃப்ற்றில பிழையில்லை."

பதினாலில் கதவு திறந்தது. அக்கா லிஃப்ற் வாசலில் நின்று கையை நீட்டினார்.

"பாத்து தம்பி, காலைத் தூக்கி வை."

அந்த மாடியின் நிலம் என் முழங்கால் உயரத்தில் இருந்தது.